பொருத்தம் அறிந்து பூட்டுக

இலக்கணம் கற்போர் யாவரும் அறிந்த செய்தியொன்று உண்டு. நிலைமொழி குற்றமற்றதாயிருக்கலாம்; வருமொழியும் குற்றமற்றதாயிருக்கலாம்; ஆயினும் இரண்டும் கூடுமிடத்து விதி பிழைப்பின் சொல் சிதைந்து பொருளும் கெடும். இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதன்று. இரும்பும் ரப்பரும் இழையும் கொண்டு மனிதன் இயற்றும் பொறிகள் அனைத்துக்கும் இஃது ஒக்கும். தனித்தனியே நல்லனவாகிய இரு பொருள்கள் கூடும் இடமே பெரும்பாலும் பழுது தோன்றும் இடமாக முடிகின்றது. சாலையில் விரைந்தோடும் பந்தய மிதிவண்டியின் டயரும் ரிம்மும் கூடுமிடம் இதற்குத் தக்கதொரு சான்றாகும். அவ்விணைப்பைக் குறித்து எம் கருத்தை உரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தமிழ் பயில்வார்க்கு டயரைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என்று சிலர் நகைக்கக்கூடும். மெல்லிய டயர் பூண்ட விரைவு மிதிவண்டிகளை இன்று மாணவர் பலர் விரும்பி வாங்குகின்றனர். புதிய வண்டி வாங்கும் பொருளில்லாதார் பழைய வண்டியும், பிறர் கழித்த சக்கரமும், விலை குறைந்த டயரும் தேடிச் சேர்க்கின்றனர். இறக்கமான பாதையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லுங்கால் முன்சக்கரத்து டயர் ரிம்மை விட்டு நழுவுமாயின், ஓட்டுபவர் தம்மைக் காத்துக்கொள்ளுதல் அரிதினும் அரிது. பொருள் சிறிதாயினும் அதனைப் பற்றி நிற்கும் உயிர் சிறிதன்று. ஆதலின் நகைப்பாரைப் பொருட்படுத்தாது மேலே செல்லுவாம்.

டயரை ரிம்மிலே பிடித்து வைத்திருப்பது யாது? இக்காலத்துச் சாதாரண டயரைப் பசை பிடிக்கவில்லை, ஆணியும் பிடிக்கவில்லை. உள்ளே அடைத்த காற்றே பிடித்து வைக்கின்றது. டயரின் இரு பக்கத்து அடிவிளிம்பினுள்ளும் நீளாத கம்பியோ வலிய இழையோ வளையமாக ஓடுகின்றது. காற்று டயரை வெளியே தள்ள, அவ்வளையம் தள்ளப்படாது தடுத்து, விளிம்பை ரிம்மின் சுவரோடு அழுத்தி நிற்கச் செய்கின்றது. வெளியே பாய விரும்பும் காற்றே டயரைக் கட்டிவைக்கும் கயிறாகவும் அமைவது வியப்பன்றோ! ஆயின் வளையத்தின் அளவும் ரிம்மின் அளவும் ஒத்திருக்கும் வரையிலேதான் இக்கட்டு நிலைக்கும்.

இவ்வமைப்பு ஒரு நாளிற் பிறந்ததன்று. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்து ஜான் பாய்ட் டன்லப் என்பார் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்து டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தமையின், பஞ்சரானால் அதனைக் கழற்றுவது பெரும்பாடாயிற்று. 1890ஆம் ஆண்டில் இதற்கு இருவேறு வழிகள் பிறந்தன. சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பார் டயரின் விளிம்பிலே நீளாத கம்பியைப் பொதிந்தார். வில்லியம் எர்ஸ்கின் பார்ட்லெட் என்பாரோ ரிம்மின் ஓரத்தை உட்புறமாக வளைத்துக் கொக்கிபோலாக்கி, அதிலே டயரின் விளிம்பு மாட்டிக்கொள்ளச் செய்தார். மறுவருடம், பாரிஸ் நகரினின்று பிரெஸ்ட் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில், மிஷலின் சகோதரர் செய்த கழற்றக்கூடிய டயரைப் பூட்டிச் சென்ற சார்லஸ் தெரோன் வெற்றி பெறவே, கழற்றும் டயரின் பயனை உலகம் கண்டது. பிற்காலத்துப் பந்தய டயர்கள் கம்பியையும் கொக்கியையும் ஒருங்கே துணைக்கொண்டன. இன்று சில ரிம்களிலே கொக்கி மீண்டும் நீக்கப்படுகின்றது. எனவே, ‘கம்பி மட்டும் போதுமா, கொக்கியும் வேண்டுமா’ என்னும் வழக்கு நூற்றாண்டு கடந்த பழைய வழக்கென்பதை நினைவிற் கொள்க.

இனிப் பொருத்தத்தின் உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் காண்போம். முதலாவது விட்டம். இங்கே மக்களை மயக்குவன பழைய அங்குலப் பெயர்களே. நம் நாட்டிலே பால்காரரும் தபால்காரரும் நெடுங்காலம் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று காணப்படும். அதன் விளிம்பு அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். பந்தய மிதிவண்டியின் 700சி டயரையும் 28 அங்குலம் என்றே பலரும் வழங்குவர். அதன் விட்டமோ 622 மில்லிமீட்டர். பழைய விரைவு வண்டிகளில் இருந்த 27 × 1¼ டயரின் விட்டம் 630. மலைவண்டியின் ‘29’ அங்குல டயருக்கு அதே 622, ‘27.5’ அங்குல டயருக்கு 584. பெயரளவில் 27 என்பது 29இனும் சிறிது. விளிம்பளவிலோ அதுவே பெரிது! ‘26 அங்குலம்’ என்ற ஒரே பெயருக்குள் 559, 590 என்னும் வேறுவேறு அளவுகள் மறைந்து கிடக்கின்றன. பெயரை நம்பி வாங்கியவன் பெற்றது யாதென அறியான்.

இம்மயக்கம் தீரவே உலகத் தர நிறுவனம் ஐ.எஸ்.ஓ. 5775 என்னும் விதியை வகுத்துள்ளது. அதன்படி டயரின் பக்கத்திலே 28-622 என்பது போன்ற எண் பொறிக்கப்படும். முன்னெண் அகலம், பின்னெண் விளிம்பு அமரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டர். ரிம்முக்கோ 622 × 19 என்பது போன்ற எண். பின்னெண் ரிம்மின் உட்சுவர்களுக்கு இடைப்பட்ட அகலத்தைக் குறிக்கும். டயரின் 622உம் ரிம்மின் 622உம் ஒன்றாயிருத்தல் வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தலுக்கு இடமில்லை. 630 டயரை 622 ரிம்மில் இட்டால் தளர்ந்து நிற்கும். காற்றேறியதும் வெடித்து வெளியேறும். ‘சற்றே தளர்வு, டியூப் பிடித்துக்கொள்ளும்’ என்று கூறும் கடைக்காரரின் சொல்லை ஏற்றல் தகாது.

இரண்டாவது அகலம். இதிலேதான் இக்காலத்துக் குழப்பம் மிகுதி. முன்னர்ப் பந்தய ரிம்களின் உள்ளகலம் 13 அல்லது 15 மில்லிமீட்டர். டயர் 20 முதல் 23. ஒல்லியான டயரே விரைவானதென்று அனைவரும் கருதிய காலம் அது. பின்னர், கரடுமுரடான சாலையிலே அகன்ற டயர் தாழ்ந்த காற்றழுத்தத்தில் இலகுவாக உருளுகின்றதென்று கண்டனர். ரிம் அகன்றால் டயரும் ரிம்மும் ஒரே வடிவாய்க் காற்றைக் கிழிக்குமென்றும் கண்டனர். ஆகவே ரிம்மின் உள்ளகலம் 17, 19, 21, 23, 25 என்று வளர்ந்தது. டயரும் 25, 28, 30 என்று வளர்ந்தது. இவ்வளர்ச்சியை யாம் குறை கூறவில்லை. ஆனால் பழைய டயரும் புதிய ரிம்மும், புதிய டயரும் பழைய ரிம்மும் ஒரே சந்தையிலே கலந்து கிடக்கின்றன. 23 டயரை 23 உள்ளகல ரிம்மிலே பூட்ட முயல்வாரும் உண்டு.

அகன்ற ரிம்மிலே ஒல்லி டயரை இட்டால் அதன் பக்கங்கள் வெளிப்புறமாக இழுபட்டு விரிகின்றன. விளிம்பு சரிந்து அமருகின்றது. குழியில் விழுந்தால் ரிம்மே தரையில் மோதுகின்றது. வளைவிலே டயர் பிடி நழுவுதலும் கூடும். ஒடுங்கிய ரிம்மிலே மிக அகன்ற டயரை இட்டாலோ, அது கழுத்துச் சிறுத்த மின்விளக்குக் குமிழ் போன்று உப்பி, வளைவுகளில் பக்கவாட்டாக ஆடுகின்றது. இன்னுமொன்று: டயரின்மேல் அச்சிட்ட அகலம் ஓர் அளவுரிம்மில் அளந்த அகலமேயாகும். அதனினும் அகன்ற ரிம்மில் இட்டால் டயர் மேலும் விரியும். 25 என்று அச்சிட்ட டயர் 21 உள்ளகல ரிம்மில் 26, 27 என்று காணலாம். பூட்டிய பின் வண்டிச் சட்டத்தில் உராயாது இடைவெளி உள்ளதா என்று பார்த்தல் இதனாலே அவசியமாகின்றது.

மூன்றாவது காற்றழுத்தம். கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்து ‘போதும்’ என்பது நம் நாட்டு வழக்கம். தடித்த டயர் பூண்ட கறுப்பு சைக்கிளுக்கு அது போதுமாயிருந்தது. பந்தய வண்டிக்குப் போதாது. டயரின் துணியிலே உண்டாகும் இழுப்பு, அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கிய தொகையைப் பொறுத்தது. அழுத்தத்தைப் ‘பார்’ என்னும் அளவாற் கணிப்பர். ஒரு பார் சதுர அங்குலத்துக்கு 14.5 பவுண்டு. 25 டயரில் 7 பார் அடைத்தால் பெருக்கம் 175. 32 டயரில் 5.5 பார் அடைத்தாலே பெருக்கம் 176 ஆகிவிடுகின்றது. அகலம் கூடக்கூட அழுத்தத்தைக் குறைக்கவேண்டுமென்பது இதனால் விளங்கும். பழைய டயருக்கு அடைத்த காற்றையே புதிய அகன்ற டயருக்கும் அடைப்பவர், தாம் அறியாமலே ரிம்மின் சுவரைப் பிளக்க முயல்பவராவர்.

நம் நாட்டு வெயிலையும் கணக்கிற் கொள்ளவேண்டும். விடியற்காலையில் 25 பாகை வெப்பத்திலே 5 பார் அடைத்த டயர், நண்பகலில் வெயிலிலே நிறுத்தப்பட்டு 50 பாகைக்குச் சூடேறினால், உள்ளழுத்தம் ஏறத்தாழ 5.5 பார் ஆகும். வரம்பின் உச்சியிலே காற்றை நிரப்பி வண்டியை வெயிலில் விடுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.

நான்காவது கொக்கி. கொக்கி ரிம்மின் ஓரம் உட்புறம் சிறிது வளைந்து டயரின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். கொக்கியில்லா ரிம்மின் சுவர் நேராக நிற்கும். அங்கே டயரைக் காப்பது அளவின் நுட்பமும் விளிம்பு வளையத்தின் உறுதியுமே. ஆகவே கொக்கியில்லா ரிம்முக்கு விதிகள் கடுமையாகின்றன. டியூப்லெஸ் முறைக்கென்று செய்த, கொக்கியில்லா ரிம்முக்குத் தகுமெனச் செய்தோரே உரைத்த டயரையே அதிற் பூட்டலாம். உள்ளே டியூப் இடினும் இவ்விதி மாறாது. சாதாரண டயரின் விளிம்பு சிறிது நீளக்கூடுமாதலின் அதற்கு அங்கே இடமில்லை. சாலை வண்டியில் காற்றழுத்தம் 5 பாரை, அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 73 பவுண்டை, மீறலாகாது. டயர் செய்தோர் அதனினும் குறைந்த வரம்பைக் கூறியிருப்பின் அக்குறைந்ததே வரம்பு. உடல் எடை மிக்கவர் ஒல்லி டயரில் 7 பார் அடைத்து ஓட்டிய பழக்கத்தை இந்த ரிம்மிலே தொடர முடியாது. அகன்ற டயருக்கு மாறுதலே அவர்க்கு வழி.

இவை வீண் அச்சங்கள் அல்லவென்பதற்கு உலகறிந்த நிகழ்ச்சியொன்று உண்டு. 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஐக்கிய அரபு நாட்டிலே நடந்த பந்தயத்தில், பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தார். அவரது முன்சக்கரத்து டயர் ரிம்மை விட்டுக் கழன்று தொங்கிய படம் எங்கும் பரவிற்று. கொக்கியில்லா ரிம் 25 உள்ளகலமுடையது, டயர் 28. சக்கரம் கல்லில் மோதியதே காரணமென்று செய்தோர் தரப்பில் விளக்கம் கூறினர். பந்தய வீரர் சங்கத்தின் தலைவர் ஆடம் ஹான்சன் இத்தகைய ரிம்களை வெளிப்படையாகக் கண்டித்தார். இதனினும் கருதத்தக்கது மற்றொன்று. 25 உள்ளகலமுள்ள ரிம்முக்கு 28 டயர் போதுமென்று அவற்றைச் செய்தோர் இசைந்திருந்தனர். புதிதாகத் திருத்திய தரவிதியோ 29க்குக் குறையலாகாதென்றது. அவ்வீழ்ச்சிக்கு உண்மைக் காரணம் கல்லா, கொக்கியின்மையா என்று தீர்ப்புரைக்க யாம் முற்படவில்லை. எம்மை நிறுத்திச் சிந்திக்கச் செய்வது அந்த ஒரு மில்லிமீட்டரே. கைதேர்ந்த பணியாளர் சூழ வாழும் பந்தயக் குழுவுக்கே எந்த அட்டவணையை நம்புவதென்ற ஐயம் எழக்கூடுமாயின், கடைத்தெருவில் தனியே நிற்கும் மாணவன் யாது செய்வான்?

செய்தோர் தரப்பையும் நடுநிலை பிறழாது கூறல் வேண்டும். கார்பன் இழையால் ரிம் வார்க்கும்போது கொக்கி வளைவை அமைத்தல் கடினம், அதனை நீக்கினால் அச்சு எளிதாகும், கழிவு குறையும், ஓரம் தடித்துக் குழியின் அடியைத் தாங்கும், டயரும் சுவரும் இழைந்து நிற்கும். இவை பொய்யல்ல. அகன்ற டயரும் தாழ்ந்த அழுத்தமும் கொண்டு கரட்டுப் பாதையிற் செல்வார்க்கு இவ்வமைப்பு நன்றே பயன்படுகின்றது. ஆயினும், எளிமையின் பயன் பெரும்பாலும் செய்பவர் கையிற் சேர, நுட்பத்தின் பொறுப்போ வாங்குபவர் தலையிற் சுமத்தப்படுகின்றது என்பதே எம் முறையீடு. பிழை பொறுக்கும் பொறியைப் பேதையும் கையாளலாம். பிழை பொறாத பொறியை விற்பவரோ, பிழை நேராதிருக்க வேண்டுவனவற்றை அப்பொறியின் மேலேயே எழுதி விற்கக் கடமைப்பட்டவராவர்.

‘விவரமெல்லாம் உடன் வரும் சிறு நூலிலே உண்டு, படியாதது வாங்குவோர் குற்றமே’ என்று சிலர் விடை கூறுவர். புதிய சக்கரத்தோடு அந்நூல் வரும், உண்மையே. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிவரும் சக்கரத்தோடு அது வருமோ? ரிம் பத்தாண்டு உழைக்கும். தாள் பத்து நாளிலே காணாமற் போகும். சில ரிம்களிலே செய்தோர் பெயர் பெரிய எழுத்தில் ஒளிவிடுகின்றது. உள்ளகலத்தையும் அழுத்த வரம்பையும் தேடினாற் கிடைப்பதில்லை. பெயரைப் பொறிக்க இடமுள்ள ரிம்மிலே மூன்று எண்களைப் பொறிக்க இடமில்லையென்பது ஏற்கத்தக்க விடையன்று.

ஆதலின் எம் கருத்து இது. ரிம் செய்வோர் ஒவ்வொருவரும் விட்டம், உள்ளகலம், உச்ச அழுத்தம் ஆகிய மூன்றையும், கொக்கி உண்டு அல்லது இல்லை என்பதையும் அழியா எழுத்தில் ரிம்மின்மேல் பொறிக்கவேண்டும். இருவர் அட்டவணைகள் முரணுமிடத்துக் கடுமையானதையே மெய்யெனக் கொள்ளவேண்டும். டயர் விற்கும் கடைக்காரர், ‘என்ன டயர் வேண்டும்’ என்று வினவுமுன் ‘உம் ரிம் எது’ என்று வினவவேண்டும். தம் பணத்தில், தம் கையால் வண்டியைப் பேணும் சாதாரண ஓட்டுநர்க்குக் கொக்கியுள்ள ரிம்மே தக்கது என்பது எம் துணிபு. மற்றதை நாடுவோர் 28க்குக் குறையாத தக்க டயரும், அழுத்தமானியும், ரிம்மின் அட்டவணையும் கையிற் கொண்ட பின்னரே நாடுக. அட்டவணை அதனினும் அகன்ற டயரைக் கேட்குமாயின் அதுவே விதி.

நம் தோழர்க்கு ஒரு சொல். டயர் மாற்றுமுன் டயரின் எண்ணையும் ரிம்மின் எண்ணையும் படியுங்கள். ரிம்மில் எண் இல்லையேல் அளவுகோல் கொண்டு உட்சுவர்களின் இடையை அளவுங்கள். பிரேக் கட்டைகள் உராய்ந்து சுவர் குழிந்துபோன பழைய ரிம்மாயின், எத்துணை நல்ல டயரும் அதற்கு மருந்தாகாது, ரிம்மையே நீக்குங்கள். டயரைப் பூட்டியபின் பாதிக் காற்று அடைத்து நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றி, விளிம்பருகே டயரில் உள்ள மெல்லிய கோடு இரு பக்கமும் ஒரே சீராகத் தோன்றுகின்றதா என்று காணுங்கள். ஓரிடத்தில் எழும்பியோ தாழ்ந்தோ இருப்பின் காற்றை இறக்கிச் சரிசெய்யுங்கள். அழுத்தமானி ஒன்றை நால்வர் கூடி வாங்கினால் செலவும் பெரிதன்று. நம் கல்லூரி மிதிவண்டிக் கொட்டகையிலே டயர், ரிம் அளவுகளைக் காட்டும் அட்டவணையொன்றும், பலரும் எடுத்தாளத்தக்க மானியொன்றும் வைப்பாராயின், அதனினும் மலிவான காப்பு வேறில்லை.

செய்யுளிலே ஒரு சீர் தளை தட்டினால் ஓசை மட்டும் கெடும், ஆசிரியர் திருத்திக்கொடுப்பார். சக்கரத்திலே ஓர் எண் தளை தட்டினால் திருத்திக்கொள்ள இரண்டாம் வாய்ப்புக் கிடைக்குமென்று சொல்வதற்கில்லை. ஆதலின் பொருத்தம் அறிந்து பூட்டுமாறு மாணவத் தோழர் அனைவரையும் வேண்டிக்கொள்கின்றோம்.